பிக்சல் 8ஏ, கேலக்ஸி ஏ55: ஐந்து வருஷம் ஓட்ட எது?

#1 தறிநூல்

வணக்கம். கூகுளின் பிக்சல் 8ஏ, சாம்சங்கின் கேலக்ஸி ஏ55 இரண்டும் 2024-இல் வந்த போன்கள். அப்போது விலையில் பெரிய இடைவெளி: ஏ55-இன் 8 ஜிபி ரேம், 128 ஜிபி மாடல் 39,999 ரூபாய், 8ஏ-இன் 128 ஜிபி மாடல் 52,999. இப்போது செகண்ட் ஹேண்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து விலையில் வருவதால்தான் குழப்பம்.

தேவை இதுதான். ஜியோ, ஏர்டெல் என இரண்டு சிம். பகலில் பாதி நேரம் பைக்கில், வெயிலில். சேலை, துணி படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதால் நிறம் சரியாக வர வேண்டும். கேம் கிடையாது. ஐந்து வருஷம் மாற்றக் கூடாது. ஊர் ஈரோடு. "இது நல்ல போன், அது மட்டமான போன்" என்ற பதில் வேண்டாம், காரணத்தோடு சொல்லுங்கள்.

#2 மில்லியாம்பியர்

வெயிலும் இரண்டு சிம்மும் என்றால் நான் மோடத்திலிருந்து (டவரோடு பேசும் பகுதி) தொடங்குவேன். கேமரா அப்புறம்.

8ஏ-இல் சிப் டென்சர் ஜி3. ஒரு எக்ஸ்3 கோர் 2.91 கிகாஹெர்ட்ஸ், நான்கு ஏ715, நான்கு ஏ510, மொத்தம் ஒன்பது கோர். மோடம் எக்ஸினோஸ் 5300, அது தனிச் சிப். ஏ55-இல் எக்ஸினோஸ் 1480: நான்கு ஏ78, நான்கு ஏ55 கோர் (இந்த ஏ55 கோரின் பெயர், போன் அல்ல). மோடம் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. வேகத்தில் டென்சர் தெளிவாக முன்னால் நிற்கும். ஆனால் சிக்னல் பலவீனமான இடத்தில் டேட்டா ஓடினால் சூடாவதும் அதுதான். டவர் தூரமாக இருந்தால் போன் கத்திப் பேச வேண்டும், அதற்குச் செலவாகும் மின்சாரம் பெரும்பாலும் சூடாக மாறும்.

இதில் நம்ம ஊர் நெட்வொர்க்குக்கும் பங்கு உண்டு. ஜியோ 5ஜி எஸ்ஏ முறை, அதாவது 5ஜி தனியாகவே நிற்கும். என்28 என்ற 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் இருப்பதால் கட்டடத்துக்குள் ஓரளவு நுழையும். ஏர்டெல் பெரும்பாலும் என்எஸ்ஏ. 4ஜியைப் பிடித்துக்கொண்டுதான் 5ஜி ஓடும், ஒரே சமயத்தில் இரண்டு ரேடியோவுக்கும் தீனி போட வேண்டும். ஆகவே டேட்டா சிம்மாக ஜியோவை வையுங்கள், ஏர்டெல்லை 4ஜியோடு நிறுத்துங்கள்.

பிக்சலில்: செட்டிங்ஸ் > நெட்வொர்க் & இன்டர்நெட் > சிம்ஸ் > ஏர்டெல் > விருப்ப நெட்வொர்க் வகை > எல்டிஇ (அதாவது 4ஜி). சாம்சங்கில்: கனெக்ஷன்ஸ் > மொபைல் நெட்வொர்க்ஸ் > நெட்வொர்க் மோடு. இந்த ஒரு மாற்றமே இரண்டு போனிலும் சாயங்காலச் சார்ஜைக் காப்பாற்றும்.

பேட்டரி அளவு ஏ55-இல் 5000, 8ஏ-இல் 4492 மில்லியாம்பியர் மணி. திரை 6.6 அங்குலமும் 6.1 அங்குலமும் என்பதால் இந்த வித்தியாசம் தாளில் தெரிவதைவிடக் குறைவு. ஆனாலும் நாள் முழுக்க வெளியே திரிபவருக்கு ஏ55.

#3 வடகரை_வாசு

பைக் என்றீர்களே, கூகுள் மேப் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டுவீர்களா? அப்படியானால் இரண்டு போனுமே ஆபத்தில்தான். இரண்டிலும் மெயின் கேமராவில் ஓஐஎஸ் (கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி) இருக்கு. லென்ஸ் மிதந்தபடி நிற்கும் அமைப்பு அது. எஞ்சின் அதிர்வு நேரடியாகப் போனால் நாளடைவில் போகஸ் ஆடும், படம் ஓரத்தில் மங்கும். பெரிய எஞ்சின் பைக்கில் இப்படி மாட்ட வேண்டாம் என்று ஆப்பிள் 2021-இலேயே எழுதி வைத்தது. அது எல்லா ஓஐஎஸ் கேமராவுக்கும் பொருந்தும். மாட்டித்தான் ஆகணும்னா ரப்பர் டேம்பர் வைத்த மவுன்ட் வாங்குங்க. இல்லாட்டி பாக்கெட்டில் போட்டு இயர்பட்ஸில் வழி கேளுங்க, ஒரு காதில் மட்டும்.

#4 மில்லியாம்பியர்

நல்ல பாயின்ட். அதோடு இரண்டு நிறுவனமும் சொல்லும் இயக்க வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரைதான். வேலூர், திருத்தணி பக்கம் மே மாதம் 40-ஐத் தாண்டும், ஈரோடும் அதற்குச் சளைத்தது அல்ல. அந்தச் சூட்டில் போன் முதலில் திரை வெளிச்சத்தைக் குறைக்கும், பிறகு சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும், கேமரா ஃப்ளாஷை அணைக்கும். யாரும் இதைக் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போக வேண்டாம். போன் தன்னைக் காத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வெயிலில் திரை தெரிவது 8ஏ-இல் மேல். அதன் உச்ச வெளிச்சம் 2000 நிட்ஸ், ஏ55-இல் 1000. நேர் வெயிலில் முகவரி படிக்கும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்த 2000 சூடாகாத வரைக்கும்தான்.

#5 கருவிழி

துணி நிறம் பற்றி யாரும் பேசவில்லையே.

காகிதத்தில் ஏ55-இன் சென்சார்தான் பெரியது: 1/1.56 அங்குலம், 50 மெகாபிக்சல். 8ஏ-இல் 1/1.73 அங்குலம், 64 மெகாபிக்சல். அப்படியிருந்தும் குழந்தை ஓடுவது, ஆள் திரும்புவது, இரவு வெளிச்சம் போன்றவற்றில் 8ஏ படம்தான் கூர்மையாக வரும். காரணம் மென்பொருள். பட்டனைத் தொடுவதற்கு முன்பே பல பிரேம்களை எடுத்து வைத்திருந்து, ஒன்றோடொன்று சேர்த்துவிடும். வீடியோவிலும் 8ஏ-இல் 4கே 60 பிரேம் உண்டு, ஏ55 4கே 30-உடன் நின்றுவிடும்.

ஆனால் சேலை ஓடாது. அசையாத பொருளை, வெளிச்சம் உங்கள் கையில் இருக்கும்போது எடுப்பதற்கு ஏ55-இல் இருக்கும் ப்ரோ மோடு பெரிய வசதி. 8ஏ-இன் கேமரா ஆப்பில் ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விடும் நேரம்), ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) எண் போடும் இடமே கிடையாது. கூகுள் அதை ப்ரோ மாடல்களுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டது (இது வெறும் வியாபார முடிவு, சிப்புக்கு அந்தத் திறன் இல்லாமல் இல்லை). வெளிச்சம், நிழல், வெண்சமநிலை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தம்) என்று மூன்று ஸ்லைடர் மட்டும் உண்டு.

ஏ55-இல் துணி எடுக்கும் முறை:

ஜன்னல் வெளிச்சம் அல்லது சிஆர்ஐ (நிறத்தை உண்மையாகக் காட்டும் அளவு) 90-க்கு மேல் உள்ள எல்இடி, ஏதாவது ஒன்று மட்டும். இரண்டையும் கலந்தால் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். விலை குறைந்த ட்யூப்பில் சிவப்பு அலைநீளம் குறைவு, அரக்கும் மெரூனும் செத்துப்போகும். அதை எந்தப் போனாலும் மீட்க முடியாது.

ப்ரோ மோடில் ஐஎஸ்ஓ 100 அல்லது அதற்குக் கீழே. ஷட்டர் 1/50 அல்லது 1/100. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/125, 1/180 என்று வைத்தால் மட்டமான எல்இடியில் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழும்.

வெண்சமநிலையை ஆட்டோவில் விடாதீர்கள். பகல் வெளிச்சத்துக்கு 5500 கெல்வின் பக்கம் வைத்து, துணியோடு ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். தாள் வெள்ளையாகத் தெரியும் வரை எண்ணை நகர்த்துங்கள். பிறகு அன்று முழுக்க அதே எண். ஆட்டோ என்றால் பச்சைச் சேலைக்கு ஒரு மாதிரி, சிவப்புச் சேலைக்கு ஒரு மாதிரி தானாக மாற்றிக்கொண்டே இருக்கும்.

ஜரிகை பளிச்சென்று வெளுத்துப்போனால் எக்ஸ்போஷரை 0.3 முதல் 0.7 வரை குறையுங்கள். ஜரிகையின் மஞ்சள் திரும்ப வரும், துணி கொஞ்சம் இருண்டால் பிறகு தூக்கிக்கொள்ளலாம். வெளுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

5 மெகாபிக்சல் மேக்ரோவை மறந்துவிடுங்கள். நெசவு நெருக்கம் காட்ட வேண்டுமானால் மெயின் கேமராவில் 2 மடங்கு ஜூம் வைத்து ஒரு அடி தள்ளி நின்று எடுங்கள்.

#6 தறிநூல்

மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: படம் போனில் ஒரு நிறம், வாங்குபவர் போனில் வேறு நிறம் என்று தகராறு வருகிறதே, அது கேமராவா திரையா?

#7 கருவிழி

பெரும்பாலும் திரை. சாம்சங் பெட்டியிலிருந்து வரும்போதே 'விவிட்' மோடில் இருக்கும், எல்லாவற்றையும் கூட்டிக் காட்டும். டிஸ்ப்ளே > ஸ்கிரீன் மோடு > நேச்சுரல். பிக்சலில் டிஸ்ப்ளே > கலர்ஸ் > நேச்சுரல். கண்ணைக் காக்கும் மஞ்சள் மோடு, சூழலுக்கேற்ப நிறம் மாற்றுவது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். வாங்குபவர் திரையை நீங்கள் திருத்த முடியாது. உங்கள் பக்கம் சரி என்று தெரிந்தால் பேச்சு சுலபம். வாட்ஸ்அப்பில் எச்டி என்று தேர்ந்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருக்கும்போது ஜரிகை நுணுக்கம் கரைந்துவிடும்.

#8 பாமரன்77

128 ஜிபி போதுமா? ஏ55-இல் மெமரி கார்டு போடலாமே.

#9 வடகரை_வாசு

போடலாம், 1 டிபி வரை. ஆனா தட்டு ஹைப்ரிட். இரண்டாவது சிம் இருக்கும் இடமும் கார்டு இருக்கும் இடமும் ஒன்றுதான். தறிநூல் இரண்டு சிம் காரர், இரண்டும் பிளாஸ்டிக் சிம்மா இருந்தா கார்டுக்கு இடம் இல்லை. கார்டுக்காக ஏ55 என்று முடிவு செய்பவர்கள் இதைக் கவனிக்கவே மாட்டேங்கறாங்க.

8ஏ-இல் கார்டு கிடையவே கிடையாது. ஒரு நானோ சிம், ஒரு இசிம் (போனுக்குள்ளேயே மென்பொருளாகப் பதியும் சிம்). அதில் இரண்டு எண் வேண்டுமென்றால் ஒன்றை இசிம்மாக மாற்றியே ஆகணும். ஜியோவும் ஏர்டெல்லும் மாற்றித் தரும். ஒரு எச்சரிக்கை: போன் செத்துப்போனால் பிளாஸ்டிக் சிம்மை உருவி அடுத்த போனில் போடுவது மாதிரி இசிம்மைப் போட முடியாது. வங்கி ஓடிபி வரும் எண்ணைப் பிளாஸ்டிக்கிலேயே வைத்திருங்க.

கணக்கு சொல்றேன். 128-இல் சிஸ்டம் இருபது ஜிபிக்கு மேல் தின்னும். 4கே 30 வீடியோ நிமிஷத்துக்கு 300 முதல் 400 எம்பி. படம் மட்டும்னா 128 தாராளம். வீடியோவும் எடுத்தால் 256 வாங்குங்க. கார்டு போடுவதாக இருந்தாலும் ஆப்களை முழுசா அதற்கு நகர்த்த முடியாது. சாம்சங் கார்டை உள்நினைவகத்தோடு ஒன்றாக இணைக்க விடுவதில்லை. படம், பாட்டு, பழைய வீடியோவுக்குத்தான் கார்டு.

#10 சால்டரிங்_கன்

வாசு சொன்னதுக்கு ஒரு ஒட்டு. கணினிக்கு மாற்றும் வேகம். ஏ55-இன் டைப்-சி உள்ளே யுஎஸ்பி 2.0 தான், நடைமுறையில் நொடிக்கு 35 எம்பி வந்தால் பெரிசு. 60 ஜிபி மாற்ற அரை மணி நேரம். 8ஏ-இல் 3.2 உண்டு. ஆனா பெட்டியில் வரும் கேபிள் 2.0 கேபிள், அதை வைத்துக்கொண்டு "வேகமே இல்லை" என்று திட்டக் கூடாது. வேகக் கேபிள் தனியா வாங்கணும். அதே துளையிலிருந்து டிவிக்கும் மானிட்டருக்கும் படம் அனுப்பலாம், 2024 ஜூன் அப்டேட்டில் வந்த வசதி. ஏ55-இல் அது இல்லை.

இனி ரிப்பேர். ஐந்து வருஷம்னு சொன்னதால் பேட்டரி ஒரு தடவையாவது மாற்றுவீங்க.

ஏ55-ஐப் பின்பக்கக் கண்ணாடி வழியாத் திறக்கணும். சூடு காட்டி, உறிஞ்சி வைத்து, மெல்லிய தகடு நுழைத்து இழுக்கணும். அவசரப்பட்டா பின் கண்ணாடி விரிசல் விடும், அதோடு போச்சு, டிஸ்ப்ளேக்கு ஒண்ணும் ஆகாது. 8ஏ-இல் பின்பக்கம் பிளாஸ்டிக், விழுந்தால் உடையாது, நல்ல விஷயம். ஆனா பேட்டரிக்குப் போக டிஸ்ப்ளேயைத்தான் முதலில் கழற்றணும். ஓஎல்இடி தாள் மாதிரி மெலிசு. கை பழகாத கடையில் பேட்டரி மாற்றப் போய் டிஸ்ப்ளே காசும் கொடுத்துட்டு வருவீங்க. 8ஏ-க்கு ஆத்தரைஸ்டு இடம்தான்.

எந்தப் போனா இருந்தாலும் திறந்தபின் ஐபி67 (தூசி, தண்ணி தாங்கும் தரம்) போச்சு என்று வைத்துக்கொள்ளுங்க. புது ஒட்டுப்பட்டை போட்டு ஒட்டினாங்களான்னு கேளுங்க. பழைய பசையிலேயே அமுக்கி விட்டால் மழையில் தண்ணி இறங்கும், தண்ணி இறங்கினதுக்கு வாரண்டி கிடையாது.

முன்கண்ணாடி ஏ55-இல் கொரில்லா விக்டஸ் பிளஸ். 8ஏ-இல் கொரில்லா 3, அது 2013-இல் வந்த கண்ணாடி. இந்த விலைப் போனுக்கு அதைப் போட்டது கஞ்சத்தனம். டெம்பர் கிளாஸ் ஒட்டாமல் வெளியே எடுக்காதீங்க.

#11 இரவுப்பணி

டெம்பர் ஒட்டினால் கைரேகை வேலை செய்யலையே?

#12 சால்டரிங்_கன்

இரண்டுமே திரைக்கடியில் இருக்கும் ஆப்டிகல் கைரேகை. வெளிச்சம் அடித்து விரலைப் படம் பிடிக்கும் முறை. பக்கத்து ஆள் பார்க்கக் கூடாதுன்னு கருப்பு பிரைவசி கிளாஸ் ஒட்டினால் வெளிச்சம் வழியிலேயே நின்னுடும். ஓரத்தில் மட்டும் பசை உள்ள கிளாஸும் ஆகாது, நடுவில் காற்று இடைவெளி வரும். முழுப் பசை உள்ள தெளிவான கிளாஸ் ஒட்டி, பழைய ரேகைகளை அழித்துவிட்டுப் புதுசாப் பதியுங்க. ஒரே கட்டைவிரலை இரண்டு முறை தனித்தனியாப் பதிந்தால் இன்னும் மேல். பிறகு டிஸ்ப்ளே செட்டிங்ஸில் சாம்சங்குக்கு டச் சென்சிட்டிவிட்டி, பிக்சலுக்கு ஸ்கிரீன் புரொடக்டர் மோடு.

#13 பாமரன்77

45 வாட்ஸ் சார்ஜர் வாங்கிட்டா ஏ55 சீக்கிரம் ஏறுமா?

#14 மில்லியாம்பியர்

ஏறாது. ஏ55 அதிகபட்சம் 25 வாட்ஸ், 8ஏ 18 வாட்ஸ். எவ்வளவு வாங்குவது என்பதைப் போன்தான் தீர்மானிக்கிறது. ஆனால் சார்ஜரில் பிபிஎஸ் (போன் கேட்கும் அளவுக்கு வோல்டேஜை மாற்றித் தரும் முறை) இருக்க வேண்டும், அது முக்கியம். இல்லாவிட்டால் சாம்சங் 'சூப்பர் ஃபாஸ்ட்' காட்டாமல் 15 வாட்ஸுக்கு இறங்கிவிடும். பிபிஎஸ் உள்ள 25 வாட்ஸ் டைப்-சி சார்ஜர் ஒன்றே இரண்டு போனுக்கும் போதும். பூஜ்யத்திலிருந்து நூறுக்கு ஏ55 சுமார் ஒன்றரை மணி நேரம், 8ஏ அதைவிடக் கொஞ்சம் கூட. 8ஏ-இல் 7.5 வாட்ஸ் வயர்லெஸ் உண்டு. இரவு ஏசி அறையில் சரி, கோடையில் காருக்குள் அதை வைத்தால் சார்ஜைவிடச் சூடுதான் ஏறும்.

ஐந்து வருஷம் ஓட்டுபவர் 80 சதவீத வரம்பைப் போட்டுவிடுங்கள். பிக்சலில் பேட்டரி > சார்ஜிங் ஆப்டிமைசேஷன். சாம்சங்கில் பேட்டரி புரொடெக்ஷன், ஒன் யூஐ 7 (சாம்சங்கின் மென்பொருள் பதிப்பு) முதல் 80, 85, 90, 95 என்று தேர்ந்தெடுக்கலாம். பிக்சல் எப்போதாவது தானாக 100 வரை ஏற்றிக்கொள்ளும். அளவைச் சரிபார்க்கத்தான், பயப்பட வேண்டாம். 8ஏ-இன் பேட்டரி சுமார் 1000 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும் என்பது கூகுள் தரும் கணக்கு.

#15 இரவுப்பணி

எல்லாரும் சுற்றிச் சுற்றி வர்றீங்க, ஐந்து வருஷம் என்பதற்கான நேரடிப் பதில் அப்டேட்டில்தான் இருக்கு. 8ஏ-க்கு ஏழு வருஷம், அதாவது 2031 மே வரை. ஏ55-க்கு நான்கு ஆண்ட்ராய்டு பதிப்பும் ஐந்து வருஷப் பாதுகாப்பு அப்டேட்டும், வெளிவந்த 2024 மார்ச்சிலிருந்து கணக்கு. இப்போ செகண்ட் ஹேண்டில் வாங்கினால் அந்த ஐந்தில் எவ்வளவோ கழிந்துபோச்சு. யுபிஐ, வங்கி ஆப் வைத்துத் தொழில் செய்பவருக்கு 2029-க்குப் பிறகு ஏ55 பொருத்தமில்லை. ஈரோட்டில் சர்வீஸ் என்று பார்த்தால் சாம்சங், ஐந்து வருஷம் என்று பார்த்தால் பிக்சல்.

#16 வடகரை_வாசு

அப்டேட் நின்ன மறுநாளே வங்கி ஆப் நிக்காது நண்பரே. ஆப்கள் பல வருஷப் பழைய ஆண்ட்ராய்டிலும் ஓடும். ஓட்டையை அடைக்க ஆள் இருக்க மாட்டாங்க என்பதுதான் விஷயம், அது உண்மையான குறைதான், மறுக்கலை. ஆனா 2031 வரை அப்டேட் வரும் போனுக்கு நடுவில் டிஸ்ப்ளே போனால் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ அலையணும், அல்லது கூரியரில் அனுப்பிட்டுப் போனில்லாமல் உட்காரணும். வியாபாரத்துக்கு எது பெரிய நஷ்டம்?

இன்னொண்ணு, கால் ரெக்கார்டிங். இந்திய சாம்சங்கில் அதன் சொந்த டயலர், பதிவு செய்யும்போது சத்தம் போடாது. கூகுள் டயலரில் பதிவு தொடங்கினால் இரண்டு பக்கமும் அறிவிப்பு கேட்கும். ஆர்டர் விவரம் பதிந்து வைப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். எதிராளியிடம் சொல்லிட்டுப் பதிவது மரியாதை, அது வேற.

#17 இரவுப்பணி

மரியாதையைக் கூகுளே செய்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

#18 தறிநூல்

துணிப் படமும் சர்வீஸும் பார்த்தால் ஏ55 பக்கம் சாய்கிறேன். இசிம்மும் வேண்டாம் என்று தோன்றுகிறது. 256 ஜிபி தேடுகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது என்ன பார்ப்பது?

#19 சால்டரிங்_கன்

பணம் கொடுக்கும் முன், கடையிலேயே:

*#06# அடித்தால் ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) வரும். கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு அந்த 15 இலக்க எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. திருட்டுப் போனாப் பதிவாகியிருந்தால் பதிலில் தெரியும். அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். இரண்டு ஐஎம்இஐயையும் பில்லோடு ஒப்பிடுங்க.

*#0*# அடித்தால் சாம்சங் டெஸ்ட் திரை. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொண்ணா முழுத் திரையில் பாருங்க. பிறகு டச் கட்டங்களில் விரலை ஓட்டுங்க, ஒரு கட்டம் நிறம் மாறாட்டி அங்கே டச் செத்திருக்கு. இது போதாது. வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறைத்துப் பாருங்க. செங்குத்துக் கோடோ கீபோர்டு நிழலோ இருந்தால் அதில்தான் தெரியும், முழு வெளிச்சத்தில் ஒளிஞ்சிடும்.

செக்யூர் ஃபோல்டரைத் திறந்து பாருங்க. திறக்கவே மாட்டேங்குதுன்னா யாரோ பூட்லோடர் (போனைத் தொடக்கும் நிரல்) அன்லாக் செய்து நாக்ஸை, அதாவது சாம்சங்கின் பாதுகாப்பு அமைப்பைத் தட்டி விட்டிருக்காங்க. அதைத் திரும்பச் சரிசெய்ய வழியே கிடையாது.

சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பில் டயக்னாஸ்டிக்ஸ் ஓட்டினால் பேட்டரி நிலை வரும். அது 'குட்' என்பதோடு நிறுத்திக்கும். (8ஏ வாங்குபவர்களுக்கு: அபவுட் போன் > பேட்டரி இன்ஃபர்மேஷனில் தயாரித்த தேதியும் சுற்று எண்ணிக்கையும் எண்ணாகவே இருக்கு. பேட்டரி செட்டிங்ஸில் ஹெல்த் பக்கமும் உண்டு. டெஸ்ட்டுக்கு *#*#7287#*#*.)

கூகுள் கணக்கு, சாம்சங் கணக்கு இரண்டையும் விற்பவரே செட்டிங்ஸுக்குள் போய் நீக்கணும். அதன்பிறகு உங்க கண் முன்னாடி ரீசெட். முதல் அமைப்பில் பழைய கணக்கைக் கேட்டால் வாங்காதீங்க.

#20 மில்லியாம்பியர்

இஎம்ஐ பூட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தவணையில் வாங்கிய சாம்சங்கில் கடன் முடியும் வரை நாக்ஸ் கார்டு என்ற, தூரத்திலிருந்தே பூட்டும் மென்பொருள் (மெமரி கார்டு அல்ல) இருக்கலாம். ரீசெட் செய்தாலும் போகாது. தவணை நின்றால் ஒரு நாள் காலையில் போன் பூட்டிக்கொள்ளும், அப்போது விற்றவர் போனை எடுக்க மாட்டார். ரீசெட் ஆனதும் வைஃபை இணைத்து, அமைப்பை முழுதாக முடித்து, பைனான்ஸ் நிறுவனம் நிர்வகிக்கும் சாதனம் என்ற அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். தவணையில் வாங்கியதாக பில்லில் இருந்தால் கடன் முடிந்த கடிதமும் கேளுங்கள்.

#21 வடகரை_வாசு

மாடல் எண் எஸ்எம்-ஏ556இ என்று இருக்கணும். கடைசி எழுத்து பி என்றால் ஐரோப்பிய மாடல், அதில் கால் ரெக்கார்டிங் வராது, இந்திய வாரண்டியும் கிடையாது. அபவுட் போன் > சாப்ட்வேர் இன்ஃபர்மேஷனில் சர்வீஸ் புரொவைடர் வரியில் ஐஎன்எஸ் என்ற மூன்றெழுத்து இருந்தால் இந்தியப் போன்.

#22 கருவிழி

கேமராவை விட்டுவிட்டீர்கள். வெள்ளைச் சுவரை மூன்று லென்ஸிலும் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் மங்கலாக இருந்தால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது. வீடியோ போட்டு மெயின் கேமராவைத் தூரத்துக்கும் பக்கத்துக்கும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். படம் நடுங்கினாலோ உள்ளே டிக்டிக் என்று தொடர்ந்து சத்தம் வந்தாலோ ஓஐஎஸ் போய்விட்டது, பழைய முதலாளி பைக்கில் மாட்டியிருப்பார். போனை ஆட்டும்போது லேசாகக் கடகடவென்று கேட்பது மட்டும் கோளாறு இல்லை, கேமரா அணைந்திருக்கும்போது மிதக்கும் லென்ஸ் அப்படித்தான் ஆடும். கேமராவைத் திறந்ததும் அந்தச் சத்தம் நின்றால் சரி.